மெனோரே மலையடியில் ஓர் உழவர் வீடு: ஜாவா கிராம ஹோம்ஸ்டே பற்றிய மதிப்புரை

இந்தோனேசியாவில், நடு ஜாவாவின் போரோபுதூர் பௌத்த ஆலயத்தைக் காணச் செல்வோரில் பலர் யோக்யகர்த்தா நகரில் தங்குகிறார்கள். விடியும் முன்பே வண்டி அமர்த்திக்கொண்டு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்று, ஆலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நண்பகலுக்குள் நகருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆலயத்தைச் சூழ்ந்து கிடக்கும் வயல்களும் தென்னந்தோப்புகளும் அவர்களுக்கு வண்டிக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் பச்சையாக மட்டுமே மிஞ்சுகின்றன. அந்தப் பச்சைக்குள் இருக்கும் ஓர் உழவர் குடும்பத்தின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அந்தத் தங்குதல் எப்படி இருந்தது, யாருக்கு அது பொருந்தும், எங்கே அது குறைபடுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஊரின் பெயரையும் வீட்டாரின் பெயரையும் குறிப்பிடவில்லை. அவர்கள் விடுதி முதலாளிகள் அல்லர். விருந்தினர் இல்லாத நாட்களிலும் தம் வழியில் வாழ்கிற ஒரு குடும்பம். மேலும், போரோபுதூர் வட்டத்தில் அடங்கிய 20 ஊர்களில் பலவற்றில் ஏறக்குறைய இதே ஏற்பாடு இருப்பதால், இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். இவ்வட்டாரத்தில் இதற்கு முன்னோடியாக அமைந்தது கண்டிரெஜோ என்னும் ஊர். 2003ஆம் ஆண்டிலேயே சுற்றுலாக் கிராமமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில் வீடுகளில் தங்குவதையும் குதிரை வண்டிச் சுற்றுலாவையும் ஊரின் கூட்டுறவுச் சங்கமே நடத்துகிறது. நான் தங்கிய ஊரும் அந்த முறையைப் பின்பற்றுகிறது: விருந்தினர் கூட்டுறவு அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள், எந்த வீடு என்பதை அலுவலகம் முறை வைத்துத் தீர்மானிக்கிறது. அழகான வீடு உள்ளவருக்கோ ஆங்கிலம் பேசத் தெரிந்தவருக்கோ மட்டும் விருந்தினர் போய்ச் சேர்வதில்லை. இந்த முறைவைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் ஊருக்குச் சுற்றுலா வந்தால் அதன் வருவாய் இரண்டு மூன்று வீடுகளில் குவிவதும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதும் பல நாடுகளில் காணும் வழக்கம். இங்கே அது தடுக்கப்பட்டிருக்கிறது.

ஊர் அமைந்திருக்கும் இடத்தைச் சொல்லாமல் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. தெற்கே மெனோரே மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. கிழக்கே மெராபி எரிமலையும் அதன் தோளை ஒட்டி 3,145 மீட்டர் உயரமுள்ள மெர்பாபுவும். வடமேற்கே 3,371 மீட்டர் உயரமுள்ள சும்பிங்கும் அதற்கு அப்பால் சிந்தோரோவும். இவற்றுக்கு இடையே கிடப்பதுதான் கெடு சமவெளி. ப்ரோகோ ஆறு அதன் வழியே தெற்கு நோக்கி ஓடி இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. எரிமலைச் சாம்பல் காலங்காலமாகப் படிந்து வளமான மண் இது. இதே மகெலாங் மாவட்டத்தில், கி.பி. 732இல் சஞ்சய மன்னன் வெட்டுவித்த சாங்கால் கல்வெட்டு கிடைத்தது. வடமொழியில், பல்லவ எழுத்து மரபில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு ஜாவாவைத் தானியம் மிகுந்த தீவு என்று புகழ்கிறது. காஞ்சிபுரத்துக் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு, தம் நாட்டு எழுத்தின் உறவினம் இந்த வயல்களின் விளைச்சலைப் பதிவு செய்திருக்கிறது என்பது மகிழ்ச்சி தரும் செய்தி.

வளம் தரும் மலை அழிவும் தரும். 2010ஆம் ஆண்டு அக்டோபரிலும் நவம்பரிலும் மெராபி வெடித்தபோது 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையின் காவலராக யோக்யகர்த்தா அரண்மனையால் நியமிக்கப்பட்டிருந்த முதியவர் மரிஜானும் அவர்களுள் ஒருவர். போரோபுதூர் ஆலயம் சாம்பலால் மூடப்பட்டு, பல மாதங்கள் துப்புரவுப் பணி நடந்தது. வீட்டுப் பெரியவர் அந்த நாட்களை நினைவுகூர்ந்தபோது ஆலயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஈரச் சாம்பலின் கனம் தாங்காமல் தென்னை மட்டைகள் குடைமடங்கியதுபோல் தண்டோடு ஒட்டித் தொங்கியதையும், பப்பாளி மரங்கள் முறிந்து விழுந்ததையும், ஆடுகளுக்குப் புல் கிடைக்காமல் தவித்ததையும்தான் சொன்னார்.

வீடு லிமாசான் வகையைச் சேர்ந்தது. நீண்ட முகடும் நாற்புறமும் சரிந்திறங்கும் ஓட்டுக் கூரையும் கொண்டது. முன்னே திறந்த கூடம், அதன் பின்னே உள்வீடு, அதற்கும் பின்னே வரிசையாக மூன்று சிற்றறைகள் என்பது பழைய அமைப்பு. மூன்றில் நடுவறை நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்கு உரியதாகக் கருதப்பட்ட காலம் உண்டு. நெல்லையும் குடும்பத்தின் அரும்பொருள்களையும் அங்கேதான் வைப்பார்கள். நான் தங்கிய வீட்டின் நடுவறையில் இப்போது தையல் இயந்திரமும் பேரப்பிள்ளையின் பள்ளிப் புத்தகங்களும் இருந்தன. ஆனால் ஒரு மூலையில், பலகை மேல், விதைநெல் மூட்டையும் இருந்தது. குடும்பம் ஐந்து வேளை தொழும் முஸ்லிம் குடும்பம். இருந்தும் அந்த மூட்டையைக் காலால் தள்ள அங்கு யாரும் துணியமாட்டார்கள் என்பது, பெரியவர் அதை நகர்த்திய விதத்திலேயே தெரிந்தது.

விருந்தினர் அறை பக்கவாட்டில், செங்கல் சுவரோடு பிற்காலத்தில் கட்டப்பட்டது. கட்டில், துவைத்து உலர்ந்த படுக்கை விரிப்பு, கொசுவலை, மின்விசிறி, ஒரு மேசை. குளிர்சாதனம் கிடையாது, மலைக்காற்று இறங்கும் இரவுகளில் அதற்குத் தேவையும் இல்லை. குளியலறையில் தொட்டி நிறையத் தண்ணீரும் ஒரு குவளையும் இருக்கும். வெந்நீர் வேண்டுமானால் கேட்டால் அடுப்பில் வைத்துத் தருவார்கள். கழிவறை தூய்மையாக இருந்தது. ஓட்டல் வசதிகளை எதிர்பார்க்காத நம் ஊர் மக்களுக்கு இவை எதுவும் சிரமமாக இராது.

இனி உணவு. இந்தத் தங்குதலுக்கு நான் தரும் மதிப்பில் பாதிக்குமேல் வீட்டின் பின்கட்டில் உள்ள அடுக்களைக்கே உரியது. எரிவாயு அடுப்பு இருந்தாலும் சோற்றை விறகடுப்பில்தான் வடிக்கிறார்கள். இல்லை, வடிப்பதில்லை, அரிசியை முதலில் அரைவேக்காடாக வேகவைத்து, பிறகு கூம்பு வடிவமான மூங்கில் கூடையில் அள்ளி, இடை குறுகிய செம்புப் பானையின் வாயில் பொருத்தி ஆவியில் வேகவிடுகிறார்கள். மூங்கிலின் மணமும் விறகுப் புகையின் மணமும் மெல்லியதாக ஏறிய அந்தச் சோறு, குழையாமல், பருக்கை பருக்கையாக, ஆறிய பின்னும் மென்மையாக இருக்கிறது. நெல் அவர்கள் வயலில் விளைந்தது; ஊர் ஆலையில் அரைத்தது.

சோற்றோடு வருபவை பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்திலிருந்து வருபவை. தேங்காய்ப்பாலில் வெந்த லோதே என்னும் காய்க்குழம்பில் சௌசௌவும் நெட்டைப் பயற்றங்காயும் மெலிஞ்சோ மரத்தின் இளந்தளிரும் காயும் சேர்கின்றன. வேகவைத்த கீரைகளோடு துருவிய தேங்காயையும் மிளகாயையும் கச்சோலக் கிழங்கையும் பிசைந்து உராப் செய்கிறார்கள். மரவள்ளி இலையைக் கீரையாகச் சமைப்பது தமிழகத்தில் பலருக்குப் புதிதாக இருக்கும். நன்கு வேகவைத்துப் பிழிந்து, தேங்காய்ப்பாலில் இட்டால் அதற்கு இணையான கீரை அரிது. ப்ரோகோ ஆற்றில் கிடைக்கும் பேயோங் என்னும் மீனைக் காரமான தேங்காய்ப்பால் குழம்பில் சமைக்கும் மாங்குத் இந்த வட்டாரத்துக்கே பெயர் தரும் உணவு. அது தினமும் கிடைப்பதில்லை, மீன் கிடைத்த நாளில் கிடைக்கும்.

தெம்பே பற்றித் தனியே சொல்ல வேண்டும். சோயாவை ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, பூஞ்சைக் காளானைத் தூவி, வாழையிலையில் பொதிந்து, ஓரிரு நாட்கள் வைத்தால் வெண்ணிற இழைகள் விதைகளைப் பிணைத்துக் கட்டியாக்குகின்றன. காலையில் ஊர் வழியே மிதிவண்டியில் வரும் பெண்மணியிடம் வாங்கி, பூண்டும் மல்லி விதையும் உப்பும் அரைத்த நீரில் தோய்த்து எண்ணெயில் பொரித்தார்கள். நகரக் கடைகளில் பிளாஸ்டிக் உறையில் விற்கும் தெம்பேக்கும் இதற்கும் வேறுபாடு முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். ஜாவா உழவரின் அன்றாடப் புரத உணவான இதற்குரிய சோயாவில் பெரும்பகுதி இன்று அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகிறது என்பது வருத்தத்துக்குரியது. உலகச் சந்தையில் சோயா விலை ஏறும்போது அந்த மிதிவண்டிக்காரரின் தெம்பே கட்டி மெலிந்துவிடுகிறது என்று வீட்டம்மா சொன்னார்.

சைவ உணவினர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சம்பால் எனப்படும் மிளகாய்த் துவையலில் தெராசி என்னும் இறால் விழுது வழக்கமாகச் சேரும். கீரைப் பொதிகளில் நெத்திலி இருக்கக்கூடும். முதல் நாளே சொல்லிவிட்டால் தனியாக அரைத்துத் தருகிறார்கள். முந்திலான் கல்தச்சர்கள் எரிமலைக் கல்லில் செதுக்கும் தட்டையான கல்வட்டிலில், இறாலின்றி, வெங்காயமும் தக்காளியும் பறவை மிளகாயும் மட்டும் வைத்து அரைத்த சம்பாலே எனக்கு அதிகம் பிடித்திருந்தது.

தேநீர் மல்லிகை மணத்தோடு, சூடாக, கெட்டியாக, மிக இனிப்பாக வரும். அந்த இனிப்பு வரும் வழியைக் காண்பதற்காகவே ஒரு காலை ஒதுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் தென்னம்பாளை சீவுபவர். விடியலிலும் மாலையிலும் மரமேறி, பாளையின் நுனியைச் சீவி, பதநீர் சேரும் கலத்தை மாற்றிக்கட்டுகிறார். புளிக்காமல் இருக்கக் கலத்தில் சிறிது சுண்ணாம்பு இடுகிறார். அவருடைய மனைவி அதை வடிகட்டி, பெரிய வாணலியில் மணிக்கணக்கில் காய்ச்சி, கெட்டிப்பட்டதும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார். பனைவெல்லம் காய்ச்சும் ஊரில் பிறந்தவருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. மழைக்காலத்தில் வழுக்கும் மரத்தில் ஏறுவது எவ்வளவு ஆபத்தானது என்பதும், அந்த ஆபத்துக்கு வெல்லத்தின் விலை எவ்வளவு குறைவானது என்பதும் அவர்களோடு உட்கார்ந்திருந்தால் விளங்கும். இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. ஆபத்தைப் பார்த்தால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயணிகள் வெல்லத்தைப் பேரம் பேசாமல் வாங்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

வயலுக்கு வீட்டாரோடு செல்லலாம். அவர்கள் போகும் நேரத்தில், அவர்கள் செய்யும் வேலைக்கு. இதுதான் இந்தத் தங்குதலின் உயிர். குடும்பத்துக்கு இருப்பது அரை எக்டேருக்கும் குறைவான நிலம். அதுவும் மூன்று துண்டுகளாக, வெவ்வேறு மட்டங்களில். ஜாவாவில் பெரும்பாலான உழவர்களின் நிலை இதுவே. நீர் எட்டும் இடம் நன்செய், மலைச்சரிவு புன்செய், வீட்டைச் சுற்றித் தோட்டம் என மூன்று வகை நிலமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. நன்செய் சோறு போடுகிறது. புன்செயில் ஊடுபயிராக மிளகாயும் பப்பாளியும் மரவள்ளியும் நிலக்கடலையும் வளர்ந்து பணம் தருகின்றன. தோட்டத்தில் தென்னை, வாழை, பலா, மெலிஞ்சோ, இஞ்சி, மஞ்சள், கோழி. கல்விக் கட்டணம் கட்ட ஆடு. ஆட்டுக்கொட்டில் தரையிலிருந்து உயர்த்தி மரச்சட்டங்களால் கட்டப்பட்டிருக்கிறது. சாணம் கீழே விழுந்து உரமாகிறது. மாலையில் ஆண்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் மலைபோலப் புல்லைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

நடவில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்தபடி நாற்றை ஊன்றுகிறார்கள். நிலத்தை உழ எருமை இல்லை. கைப்பிடி டிராக்டர் வாடகைக்கு வருகிறது. ஒருகாலத்தில் விரல்களுக்கிடையே மறைத்துப் பிடித்த சிறு கத்தியால், நெல் தெய்வம் அஞ்சிவிடக் கூடாது என்று, கதிர் கதிராக அறுத்தார்கள். அரிவாளும் கதிரடிக்கும் இயந்திரமும் அதை அகற்றிவிட்டன. அறுப்புக்கு வந்தவர்களுக்கு விளைந்த நெல்லிலேயே பங்கு கொடுக்கும் பழைய முறையும், நிற்கும் பயிரை மொத்தமாக வியாபாரிக்கு விற்றுவிடும் புதிய முறையும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வயல்களில் நடப்பதைக் கண்டேன். இரண்டாவது முறையில் உழவருக்குக் கையில் உடனே பணம் வருகிறது. நிலமில்லாத அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்துவந்த பங்கு நெல் நின்றுபோகிறது.

வீட்டுப் பெரியவர் பூச்சிமருந்து அடிக்கத் தயங்குபவர். அதன் காரணத்தை அவர் விளக்கியது, நான் படித்திருந்த வரலாற்றோடு அப்படியே பொருந்தியது. 1960களின் பிற்பகுதியிலிருந்து அரசு புதிய குட்டை நெல் வகைகளையும் உரத்தையும் மருந்தையும் கடனோடு சேர்த்துக் கொடுத்தது. விளைச்சல் பெருகி 1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு எய்தியது. ஆனால் மருந்து பூச்சிகளைத் தின்னும் சிலந்திகளையும் சேர்த்துக் கொன்றதால் புகையான் என்னும் தத்துப்பூச்சி பெருகி வயல்களைக் கருக்கியது. 1986இல் அதிபர் ஆணை ஒன்றின்மூலம் 57 மருந்துகள் நெற்பயிருக்குத் தடைசெய்யப்பட்டன. 1989 முதல் உழவர்கள் வயலிலேயே கூடி, சிலந்தியையும் பூச்சியையும் எண்ணிப் பார்த்துக் கற்கும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. பெரியவர் அப்படியொரு பள்ளியில் இளைஞராக உட்கார்ந்தவர். நெல்தாளின் அடியை விரலால் விலக்கி, அங்கிருந்த சிலந்தியை எனக்குக் காட்டினார். எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் காட்டமுடியாத காட்சி அது என்று உறுதியாகச் சொல்வேன்.

அவர் பருவங்களைக் கணிப்பதற்கு வானிலை அறிவிப்போடு பிரானாத மங்சா என்னும் பழைய நாட்காட்டியையும் வைத்திருக்கிறார். ஆண்டை நீளம் வேறுபடும் 12 பருவங்களாகப் பகுக்கும் இந்தக் கணிப்பு, 19ஆம் நூற்றாண்டில் சுரகார்த்தா அரசர் ஏழாம் பாகுபுவனர் காலத்தில் முறைப்படுத்தப்பட்டது. எந்தப் பருவத்தில் இலைகள் உதிரும், எப்போது இலவ மரத்தின் பஞ்சு வெடிக்கும், எப்போது நாற்று விட வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. மழை இப்போது அதன்படி வருவதில்லை என்று அவரே சொன்னார். இருந்தும் சுவரில் அந்த அட்டவணை தொங்குகிறது.

சந்தை ஜாவாவின் ஐந்து நாள் வாரத்தின்படி கூடுகிறது. லெகி, பாஹிங், பொன், வகே, கிளிவொன் என்ற ஐந்து நாட்களில் ஒவ்வோர் ஊர்ச் சந்தைக்கும் ஒரு நாள் பெருநாள். ஏழு நாள் வாரமும் ஐந்து நாள் வாரமும் சேர்ந்து சுழன்று 35 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இணை திரும்ப வரும். பிறந்தநாளையும் திருமண நாளையும் அந்த இணையை வைத்தே பார்க்கிறார்கள். பயணத்தைத் திட்டமிடும்போது பக்கத்துச் சந்தையின் நாள் எது என்று கூட்டுறவு அலுவலகத்தில் கேட்டு, அந்த நாள் உள்ளடங்குமாறு பதிவு செய்யுங்கள். சந்தைநாளில் விதைகள், கோழிக்குஞ்சுகள், அரிவாள்கள், கிளிப்போ ஊர்க் குயவர்களின் மண்சட்டிகள், மூலிகைச் சாறு விற்கும் பெண்கள், மரவள்ளியில் இடித்துச் செய்த கெதுக் என எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். மற்ற நாட்களில் அது பாதி மூடிய தெரு.

அண்டை அயலாரோடு கிடைக்கும் உறவு, எந்தக் கட்டணத்திலும் சேராத ஒன்று. தெருவில் எதிர்ப்படும் எவருக்கும் தலையைச் சற்றே தாழ்த்தி 'மொங்கோ' என்று சொல்லிக் கடக்கிறார்கள். சில மணி நேரத்திலேயே அது நம் வாயிலும் ஏறிவிடுகிறது. வீட்டுத் தலைவரைப் 'பாக்' என்றும் தலைவியை 'இபு' என்றும் அழைக்கலாம். வயதில் மூத்தோர்முன் நடந்து கடக்கும்போது சற்றுக் குனிந்து செல்ல வேண்டும். நான் இருந்தபோது பக்கத்துத் தெருவில் ஒருவருடைய தந்தை இறந்து ஏழாம் நாள். ஊர்ப் பெண்கள் காலையிலிருந்தே அவ்வீட்டு அடுக்களையில் கூடிச் சமைத்தார்கள். இரவில் ஆண்கள் பாயில் வட்டமாக அமர்ந்து திருமறை ஓதினார்கள். முடிவில் ஒவ்வொருவரும் சோறும் கோழியும் காய்களும் அடங்கிய பொதியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அந்தப் பொதியில் விருந்தினருக்கும் பங்கு வந்தது. அதைக் காட்சியாக்கிப் படம் எடுக்காமல், வீட்டார் சொன்ன இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பதே முறை.

இரவில் ஆண்கள் முறைவைத்துக் காவல் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிறு குவளையொன்று தொங்கும். முன்பு அதில் ஒரு பிடி அரிசி, இப்போது பல வீடுகளில் நாணயம். காவலர்கள் அதைச் சேகரித்து ஊர்ப் பொதுநிதியில் போடுகிறார்கள். தெருவிளக்கு மாற்றவும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் அந்தப் பணம் பயன்படுகிறது. மரத்தைக் குடைந்து செய்த கெந்தோங்கான் ஒலிக்கும் தாளத்தை வைத்தே தீயா, திருட்டா, இறப்பா என்று ஊருக்குத் தெரியும் வழக்கம் இன்னும் மறையவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். கூட்டுறவு அலுவலகம் விற்கும் அரைநாள் 'உழவு அனுபவம்' என்ற தொகுப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். சாலையோரத்தில் இதற்காகவே ஒதுக்கிய ஒரு துண்டு நிலத்தில், விருந்தினருக்குக் கூம்புத் தொப்பி அணிவித்து, ஒரு பிடி நாற்றைக் கையில் கொடுத்து, படம் எடுத்துக்கொள்ளச் செய்கிறார்கள். குழு போன பின் அந்த நாற்றைப் பிடுங்கி, அடுத்த குழுவுக்கு மீண்டும் அதே நாற்றைத் தருகிறார்கள். ஒரு கிலோமீட்டர் தொலைவில் உண்மையான நடவு நடந்துகொண்டிருந்த நாளில் இது நடந்தது என்பதுதான் எனக்கு வலித்தது. நாற்றின் அருமை தெரிந்த மக்களை அதை விளையாட்டுப் பொருளாக்க வைப்பது, அவர்களுக்கும் மதிப்பன்று, வருபவருக்கும் பயனன்று. அத்தொகுப்பை நீக்கிவிட்டு, வயலில் உண்மையாகவே நடக்கும் வேலையை வாரந்தோறும் அறிவித்து அதற்கு ஆட்களை அனுப்பினால் போதும். அறுப்பும் நடவும் இல்லாத வாரத்தில் களைபறிப்பு இருக்கும். நீர் பாய்ச்சல் இருக்கும். ஊரில் நீரைப் பங்கிடும் அலுவலரான உலு-உலுவோடு வாய்க்கால் வரப்பில் நடந்து வருவதே ஒரு முழுக் காலைக்குப் போதுமான பாடம்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. வழிகாட்டிகள் ஆலயத்தைப் பற்றி நன்கு பேசுகிறார்கள். ஆலயத்தைக் கட்டிய, 8, 9ஆம் நூற்றாண்டுகளின் சைலேந்திர அரச மரபின் வரலாறும் 1973 முதல் 1983 வரை நடந்த மறுசீரமைப்பும் அவர்களுக்கு மனப்பாடம். பயிரைப் பற்றிக் கேட்டால் தடுமாறுகிறார்கள். பெரியவர்கள் ஜாவா மொழியில் சொல்வதில் பாதி, வழிகாட்டியின் ஆங்கிலத்தில் காணாமல் போகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களே சிறந்த மொழிபெயர்ப்பாளர்கள்.

மூன்றாவது, குப்பை. தோட்டம் அவ்வளவு அழகாக இருந்தும், மாலையில் பின்புறத்தில் இலைதழைகளோடு பிளாஸ்டிக் உறைகளையும் சேர்த்து எரிக்கிறார்கள். பல வீடுகளிலும் இதே நிலை. விருந்தினர் கட்டணத்திலிருந்து ஒரு பங்கைக் குப்பை சேகரிக்கும் வண்டிக்கு ஒதுக்குவது கூட்டுறவால் எளிதில் இயலக்கூடியது. அதுவரை, உறையிட்ட தின்பண்டங்களையும் சிறு நீர்ப்புட்டிகளையும் ஊருக்குள் கொண்டுசெல்லாமல் இருப்பது விருந்தினரால் இயலும். காய்ச்சிய குடிநீர் எல்லா வீட்டிலும் உண்டு.

அதிகாலை நாலரை மணியளவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். சேவல்கள் அதற்கும் முன்பே. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. ஊர் எழும் நேரம் அது. தூக்கம் மெலிந்தவர்கள் காதடைப்பான் கொண்டுசெல்லலாம். எழுந்துவிட்டால் இன்னும் நல்லது: மூடுபனி சமவெளியில் படிந்திருக்க, மெராபியும் மெர்பாபுவும் அதன்மேல் கருநீலமாக நிற்பதைப் பார்க்க, புந்துக் செதும்பு குன்றுக்குக் கட்டணம் செலுத்திக் கூட்டத்தில் நிற்கத் தேவையில்லை, வீட்டுப் பின்புற வரப்பே போதும்.

கட்டணம் ஒருவருக்கு, காலை உணவோடு, ஓர் இரவுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபியா. மதிய, இரவு உணவுகள் தனி. இதில் ஒரு பகுதியைக் கூட்டுறவு நிர்வாகத்துக்குப் பிடித்துக்கொண்டு மீதியை வீட்டுக்குத் தருகிறார்கள். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. அந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டினால் ஊருக்கும் விருந்தினருக்கும் நல்லது. அது எப்படியிருந்தாலும், யோக்யகர்த்தாவில் ஒரு நடுத்தர ஓட்டலுக்குக் கொடுக்கும் தொகையைவிடக் குறைவான விலையில் கிடைக்கும் இந்தச் சோறும் பேச்சும் எனக்கு மிகுந்த மதிப்புடையவையாகவே தோன்றின.

நீச்சல்குளமும் அறைச் சேவையும் வேண்டுவோர்க்கு இது பொருந்தாது. ஆலயத்தின் அருகிலேயே அவற்றுக்கு இடங்கள் இருக்கின்றன. ஒரே இரவு தங்கி, மறுநாள் காலை ஆலயத்துக்கு ஓடுவதற்கும் இது வீண். வீட்டார் முதல் நாள் முழுவதும் நம்மை விருந்தாளியாக நடத்துவார்கள். நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீரும் பலகாரமும் கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். அடுத்தடுத்த நாட்களில்தான் அடுக்களைக்குள் வரவிடுவார்கள், வயலுக்குக் கூப்பிடுவார்கள். குழந்தைகளோடு செல்பவர்களுக்கு ஆட்டுக்கொட்டிலும் வாய்க்காலும் போதும். வேறு ஏற்பாடு எதுவும் தேவைப்படாது.

காலத்தைப் பொறுத்தவரை, மழை தொடங்கி நடவு நடக்கும் நவம்பர், டிசம்பரும், முதல் போகம் அறுவடையாகும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் வயலைக் காண ஏற்றவை. மழையில் பாதைகள் சேறாகும். அதற்கேற்ற செருப்பு தேவை. மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிந்திருக்கும், எரிமலைகள் தெரியும், நீர் குறைந்த வயல்களில் புகையிலையும் காய்கறியும் நிற்கும். ரமலான் மாதத்தில் பகலில் வீட்டார் நோன்பிருப்பதால் விருந்தினர் தவிர்ப்பது நல்லது. ஆனால் அதற்கு முந்திய மாதத்தில் ஊர் முழுவதும் கூடி முன்னோர் கல்லறைகளைத் துப்புரவாக்கிச் சேர்ந்து உண்ணும் நியாத்ரான் வருகிறது. அந்த நாளைக் கேட்டறிந்து செல்ல முடிந்தால் செல்லுங்கள். ஈகைத் திருநாள் வாரத்தில் ஜகார்த்தாவிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் பிள்ளைகள் எல்லாரும் ஊர் திரும்புவதால் எந்த வீட்டிலும் அறை இருக்காது. பதிவு செய்யும்போது, பயிர் செய்யும் குடும்பத்தின் வீட்டில் இடம் வேண்டும் என்றும், 'உழவு அனுபவம்' தொகுப்பு வேண்டாம் என்றும் தெளிவாக எழுதிக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள்.